மூன்று வீடுகள் பின்தொடர்ந்த விடுமுறை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், நிலத்தில் இடம் போதாமல் வரைபடக்காரர்கள் பெயரைக் கடலுக்குள் எழுதிவைத்த க்ளோனவாரா என்ற சிற்றூரில், விருந்தினரைத் தங்கவைக்கும் வீடுகள், விருந்தினர் வருகிற நாளன்று தாமே எழுந்து நாற்சந்திக்கு வந்து, பெட்ரோல் பங்குக்கு எதிரே வரிசையாக நின்றுகொள்ளும். அந்த ஊர்ச் சாலைகள் இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே ஒரு மாடு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு போகிற அகலம்தான் என்பதாலும், வழி கேட்டு வந்த வெளியூர்க்காரர்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரே ஆட்டுப்பட்டியில் போய் நின்றார்கள் என்பதாலும், ஆள் வீட்டைத் தேடுவதைவிட வீடு ஆளைத் தேடுவது சுலபம் என்று வீடுகள் முடிவு செய்திருக்க வேண்டும். வேறு காரணம் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள்.

வீடு எப்படி எழும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. குதிரையைப் போல முன்பக்கம் முதலில் எழும் என்று அடித்துச் சொல்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்த நேரத்தில் வீட்டுக்குள் இருந்ததில்லை. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், வீடு மாட்டைப் போலப் பின்பக்கத்தைத்தான் முதலில் தூக்கும். க்ளோனவாராவில் பீங்கான் அலமாரிக்கெல்லாம் குறுக்கே கம்பி போட்டிருப்பதும், சூப்பை யாரும் கிண்ணம் நிறைய ஊற்றாததும் அதனால்தான். மாவட்ட நிர்வாகம் நாற்சந்தியில் வீடுகள் நிற்பதற்கு வெள்ளைக் கோடு போட்டுக் கொடுத்தது. காப்பீட்டுக்காரர்கள் 'வீடு' என்பதையும் 'வாகனம்' என்பதையும் தனித்தனியாக வரையறுக்கப் பல வருடம் முயன்று, கடைசியில் இரண்டுக்கும் சேர்த்தே பணம் வாங்கிக்கொண்டார்கள். தபால்காரர் கதவின் நிறத்தைப் பார்த்துக் கடிதம் போட்டார். இது நல்லதா என்று கேட்டபோது பங்குத் தந்தை, வீடு நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்று வேதத்தில் எங்கும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த வீடு இப்போது எந்தத் திசையில் போகிறது என்று விசாரித்தார்.

முறை இதுதான். விருந்தினர் காரை விட்டு இறங்கி, நிற்கிற வீடுகளைப் பார்த்து, ஏதாவது ஒன்றுக்குள் நுழைந்து தங்குவதாகச் சொல்வார்கள். அந்த வீடு உடனே உட்கார்ந்துவிடும். மற்றவை ஒரு சொல்லும் இல்லாமல் தத்தம் இடத்துக்குத் திரும்பும். தேர்வு முடியும்வரை எந்த வீடும் உட்காராது. நிற்கிற வீடு படகைப் போல ஆடும் என்பதால் உள்ளே யாரும் தூங்கவும் முடியாது. ஆனாலும் அது ஒரு தொந்தரவாக இருந்ததில்லை. எப்போதும் மழை பெய்கிற ஊரில் முடிவெடுக்க யாரும் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலிங்கமும் அவர் மனைவி ஆவுடையம்மாளும் வரும்வரைக்கும் இப்படித்தான் இருந்தது.

குற்றாலிங்கம் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலம் முழுவதும் ஒருவருக்குக்கூடக் கடன் இல்லை என்று அவர் வாயால் சொன்னதில்லை; "மேலே அனுப்பியிருக்கு" என்பார், மேலே எங்கே என்று கேட்டால் கூரையைப் பார்ப்பார். ஆவுடையம்மாள் கான்வென்டில் படித்தவள், கணவரைவிட நல்ல ஆங்கிலம் பேசுவாள், கல்யாணமான நாளிலிருந்து ஒருநாள்கூடத் தானாக விழித்ததில்லை. மாமனாரின் இருமல், பால்காரரின் மணி, குழந்தையின் அழுகை, குக்கரின் விசில், "ஆவுடை, என் கண்ணாடி எங்க?" என்கிற குரல் என்று யாராவது, ஏதாவது அவளை எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். லிமரிக் நகரில் வேலை பார்க்கும் மகள் கல்யாணி, "ஒரு வாரம் ரெண்டு பேரும் கிராமத்துப் பக்கம் போய்ட்டு வாங்க. என்னம்மா வேணும் உனக்கு?" என்று கேட்டபோது, ஆவுடையம்மாள் யோசிக்காமல் சொன்னாள்.

"காலை நீட்டிப் படுக்கணும். யாரும் எழுப்பக் கூடாது."

அவர்கள் வாழ்க்கையில் அதற்கு முன் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுத்ததே இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ஒரு சித்தப்பா இருந்தார், அல்லது சமூகத்துக்குச் சொந்தமான ஒரு மடம் இருந்தது. ஆகவே க்ளோனவாராவின் நாற்சந்தியில் மகளுடைய காரை நிறுத்தி, எதிரே மூன்று வீடுகள் முகம் கழுவித் தலை வாரிக்கொண்டதுபோல வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், குற்றாலிங்கத்துக்குத் தெரிந்த ஒரே முறை நினைவுக்கு வந்தது. இரண்டு தம்பிமாருக்கும் ஒரு அக்காள் மகனுக்கும் அவர்தான் முன்னின்று பெண் பார்த்தவர்.

"உள்ள போயி எதையும் தொட்டுறாத," என்று அவர் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "காப்பி, பலகாரம் எது குடுத்தாலும் வேண்டாம்னுரு. கை நனைச்சோம்னா சம்மதம்னு ஆயிரும்."

"கல்யாணமா பண்ணப் போறோம்? படுக்கத்தான போறோம்."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

முதலில் நின்றது திருமதி ப்ரீட் மக்கினர்னியின் வீடு. மஞ்சள் சுவர், கருங்கல் ஓடு, நீலக் கதவு. ப்ரீட் அறுபதைத் தாண்டிய பருத்த பெண்மணி. கணவர் இறந்ததும் மாடுகளை விற்றுவிட்டு, ஏதாவது ஒரு உயிரைக் காலையில் கவனித்துக்கொண்டே பழகிவிட்டதால் விருந்தினரை ஏற்றுக்கொண்டவள். இரண்டாவது டெக்லன் என்ற இளைஞரின் புத்தம் புதிய வீடு. சுற்றிலும் கண்ணாடி, பின்னால் வெந்நீர்த் தொட்டி. அது நடந்து வரும்போது தொட்டி தளும்பி வழியெல்லாம் ஆவி பறந்தது. மூன்றாவது ஃபின்டன் ஹெஃபர்னனின் பழைய கூரை வீடு. ஃபின்டன் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சு குறைந்தவர், ஈர நாயோடு வாழ்பவர். அவருடைய வீட்டை யாரும் தேர்ந்தெடுத்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது எழுந்து வந்து கடைசியில், கொஞ்சம் ஒதுங்கி, நின்றது.

மூன்று வீட்டிலும் குற்றாலிங்கம் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கூரையைப் பார்த்தார். தண்ணீர் எப்படி, அக்கம்பக்கத்து மனிதர்கள் எப்படி, வீட்டுக்கு மூத்தவர்கள் யாராவது உண்டா என்று விசாரித்தார். ப்ரீட் தேநீர் வேண்டுமா என்று கேட்டாள், வேண்டாம் என்றார். அந்த ஊரில் முதல் வேண்டாம் என்பதற்கு இன்னும் ஒருமுறை கேளுங்கள் என்று பொருள், ஆகவே அவள் மறுபடி கேட்டாள். அவர் மறுபடியும் மறுக்க, இவர் எவ்வளவு பெரிய மரியாதைக்காரர் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. ஆவுடையம்மாள் மட்டும் மேசைமேல் இருந்த ரொட்டியையும் வெண்ணெயையும் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில், மூன்று வீட்டு வாசலிலும், கைகூப்பிக்கொண்டு குற்றாலிங்கம் ஒரே வாசகத்தைச் சொன்னார். "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

எங்கள் பக்கம் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பெண் வீட்டார் அதைக் கேட்டதும் மீதி பஜ்ஜியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் க்ளோனவாராவில் அதை யாரும் கேட்டதில்லை. அவர்கள் அதை நம்பினார்கள்.

"அவசரமே இல்லை," என்றாள் ப்ரீட்.

"நிதானமா யோசியுங்க," என்றார் டெக்லன்.

ஃபின்டன் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்றிரவு கணவனும் மனைவியும் காரிலேயே படுத்தார்கள். காற்று பலமாக இருந்ததால் மூன்று வீடுகளும் காரைச் சுற்றி நெருங்கி நின்று மறைத்துக்கொண்டன. அது அன்பான செயல்தான், ஆனால் பொழுது விடிந்ததும் டெக்லன் வீட்டுச் சேவல் காரின் கூரைமேல் ஏறி நின்று கூவியது. ஆவுடையம்மாள் விழித்துக்கொண்டு, முழங்காலை நீவிக்கொண்டே, "எதையாவது ஒண்ணைச் சொல்லுங்களேன்," என்றாள்.

"ஒண்ணைச் சொன்னா மத்த ரெண்டு பேரு மனசு என்ன பாடுபடும்? அந்த நாய்க்கார மனுசனைப் பாத்தியா? எப்படி அவர்ட்ட போயி வேண்டாம்னு சொல்ல? பேசாம ஊரைச் சுத்திப் பாப்போம். அவுகளே புரிஞ்சுக்கிட்டுப் போயிருவாக."

அவர்கள் போகவில்லை. கார் செங்குத்துப் பாறைகளைப் பார்க்கப் போனபோது மூன்று வீடுகளும், தொந்தரவாகத் தோன்றிவிடக் கூடாது என்பதற்காக ஒரு வயல் தூரம் விட்டு, பின்னாலேயே வந்தன; அவர்கள் இடிந்த மடாலயத்துக்குப் போனபோது வீடுகள் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே, உள்ளே வர அனுமதி இல்லாதவர்களைப் போல, கூரையைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு நின்றன; அவர்கள் ஒரு கடையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டபோது வீடுகள் வேறு எதையோ பார்ப்பதுபோல மலைப் பக்கம் திரும்பிக்கொண்டன. கண்ணாடியில் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் குற்றாலிங்கம் கையை உயர்த்தி மரியாதையாக அசைத்தார். அதைக் கண்டு மூன்று வீட்டு ஜன்னலிலும் நம்பிக்கை ஏற்பட்டது.

மாவட்டம் பழகிக்கொண்டது. காவலர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய்ச் சந்துகளை ஒழுங்குபடுத்தினார். பள்ளிப் பேருந்து, வீடுகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், பிள்ளைகளை ப்ரீட்டின் பின்வாசலில் ஏற்றி முன்வாசலில் இறக்கி அடுத்த வண்டிக்கு அனுப்பியது. ப்ரீட்டும் டெக்லனும் தேவாலயப் பாடகர் குழுவில் இருந்ததால், ஞாயிறு வழிபாட்டைப் பங்குத் தந்தை போகிற வழியிலேயே வைத்துக்கொண்டார். முதல் வாசகம் ஒரு சரிவிலும் இரண்டாவது ஒரு பாலத்திலும் படிக்கப்பட்டன. தன் புல்மேல் வீட்டு நிழல் விழுகிறது என்று ஓர் ஆட்டுக்காரர் மட்டும் புகார் சொன்னார். இந்த ஊரில் நிழல் விழ வெயில் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டதும் புகாரைத் திரும்பப் பெற்றார்.

கல்யாணி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, எங்கதான் தங்கியிருக்கீங்க?"

"பாத்துக்கிட்டிருக்கோம்."

"இன்னுமா? அம்மா தூங்கினாளா?"

குற்றாலிங்கம் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். ஆவுடையம்மாள் கண்ணைத் திறந்தபடி, கண்ணாடிக்கு வெளியே, ஒருவரும் இல்லாத ஒரு வயலை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறவு சொல்லுதேன்," என்றார் அவர்.

வாரம் பாதியைத் தாண்டியது. ஆவுடையம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. மகள் கொடுத்த ஏழு நாளும் மறுபடி யாருடைய வாழ்க்கையிலும் வரப்போவதில்லை என்று தெரிந்த ஒருத்தி அதை ஒரு கார் இருக்கையில், பெல்ட் போட்டுக்கொண்டு, தீர்த்துக்கொண்டிருந்தாள். கடற்கரையில் கார் நின்ற ஒரு முற்பகலில், கணவர் தண்ணீரின் விளிம்பில் நின்று சிப்பிகளின் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, அவள் இறங்கி நேராக, மேட்டில் நின்ற ப்ரீட்டின் வீட்டுக்குப் போனாள்.

வீடு ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பங்கரையில் ப்ரீட், கையில் காலிக் கெட்டிலோடு, சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். காலடி கேட்டதும் திடுக்கிட்டு விழித்து, "வாங்க, வாங்க. தேநீர்?" என்றாள்.

"நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று ஆவுடையம்மாள் கேட்டாள்.

"உங்க கார் வந்ததிலிருந்து இல்லை. பரவாயில்லை. டெக்லன் பாவம், தொட்டிக்குள் வழுக்கி விழுந்துவிட்டார்."

"வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கலாமே."

"நீங்கள் இன்னும் சொல்லவில்லையே."

"அவர்கிட்டக் கேட்டிருக்கலாமே."

ப்ரீட் அதிர்ந்துபோனாள். "முகத்துக்கு நேரேயா? அது நன்றாகவா இருக்கும்? அவர் ஏன் சொல்லவில்லை?"

"முகத்துக்கு நேரே சொன்னா நல்லாவா இருக்கும்னுதான்."

இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் ப்ரீட்டுக்குத்தான் சிரிப்பு வந்தது. தூக்கம் கெட்டவர்களின் சிரிப்பு சீக்கிரம் நிற்காது. அது அடங்கியதும் ஆவுடையம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் இருங்க, வாரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

டெக்லன் கண்ணாடிக் கதவைத் திறந்ததும், அவர் புன்னகையைத் தொடங்குவதற்கு முன்னால், அவள் சொன்னாள். "தம்பி, உங்க வீடு எனக்கு வேண்டாம். படுத்திருக்கிறது வெளியே எல்லாருக்கும் தெரியும்."

தேநீர் விஷயத்தைத் தவிர, அந்தச் சொல் அந்த மாவட்டத்தில் அதற்கு முன் யார் முகத்துக்கும் நேரே சொல்லப்பட்டதில்லை. கண்ணாடி வீடு ஒரு கணம் ஆடாமல் நின்றது. பிறகு, நின்ற இடத்திலேயே, கடற்கரைக்குப் போகும் ஒரே சாலையின் நடுவில், பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. டெக்லன் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நன்றி, ரொம்ப நன்றி," என்று சொல்லியபடியே தரைவிரிப்பில் சரிந்து தூங்கிப்போனார். அந்த வீடு இன்றும் அங்கேதான் இருக்கிறது. சாலை அதைச் சுற்றி வளைந்து போகிறது, வளைவுக்கு முன்னால் ஒரு எச்சரிக்கைப் பலகையும் உண்டு.

ஃபின்டனின் வாசலுக்குப் போகும்போது அவள் நடை மெதுவானது. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, அதன் கழுத்துப் பொத்தான்வரை பூட்டி, படுக்கையில் புது விரிப்பு விரித்து வைத்திருந்தார். விரிப்பின்மேல் நாய் உட்கார்ந்திருந்தது.

"ஐயா," என்றாள் ஆவுடையம்மாள். கொஞ்ச நேரம் நாயைப் பார்த்தாள். பிறகு, "உங்க வீட்டுல நான் தங்கல. நாய் வாடை அடிக்குது," என்றாள்.

ஃபின்டன் நாயைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"அதுதானா?" என்றார்.

"அது மட்டும்தான்."

"வீட்டுக்கே ராசியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் வீடு அற்புதம், வீடு அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாயைக் குளிப்பாட்டலாமே. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது." அவர் வாழ்க்கையில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான். கூரை வீடு மணலில் மெல்ல அமர்ந்தது.

ஆவுடையம்மாள் ப்ரீட்டின் அடுப்பங்கரைக்குத் திரும்பி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குழாயில் கையைக் கழுவிக்கொள்ளாமல்கூட, ரொட்டியை எடுத்து வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள். இன்னொன்றும் சாப்பிட்டாள். ஒரு அவித்த முட்டை, இரண்டு கோப்பை தேநீர். மஞ்சள் வீடு உட்காரும்போது கோப்பையில் இருந்த தேநீர் ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"என்னை யாரும் எழுப்பக் கூடாது," என்றாள் அவள்.

"எத்தனை மணிக்கு..." என்று தொடங்கிய ப்ரீட் நிறுத்திக்கொண்டாள்.

மாடி அறையில் கட்டில் அகலமாக இருந்தது. ஆவுடையம்மாள் காலை நீட்டினாள். முழுக்க நீட்டியும் கட்டில் மிச்சம் இருந்தது. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

குற்றாலிங்கம் நிறையச் சிப்பிகளோடு திரும்பி வந்தபோது சாலை நடுவே ஒரு வீடும் மணலில் ஒரு வீடும் மேட்டில் ஒரு வீடும் உட்கார்ந்திருந்தன. காரில் மனைவி இல்லை. இரண்டு வீட்டில் விசாரித்துவிட்டு, மூன்றாவதாக நீலக் கதவைத் தட்டினார்.

"என் மனைவி இங்கே இருக்கிறாளா?"

"இருக்கிறாள்," என்றாள் ப்ரீட்.

"நல்ல வீடு. தங்க இடம் இருக்கிறதா?"

"நிறைய இருக்கிறது."

"அப்படியென்றால் நான் உள்ளே வரலாமா? என் மாத்திரை எங்கே என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு..."

ப்ரீட் மக்கினர்னி வாசலில் நிமிர்ந்து நின்றாள். காலையிலிருந்து முகத்துக்கு நேரான மறுப்பு ஊரில் இரண்டு முறை சொல்லப்பட்டு, யாரும் சாகவில்லை என்பதை அவள் ஜன்னல் வழியே பார்த்திருந்தாள். புதிதாக வாங்கிய பாத்திரத்தை முதன்முதலாக அடுப்பில் ஏற்றுகிறவளைப் போல அதை அவள் கவனமாக எடுத்து வைத்தாள்.

"கூடாது," என்றாள். கதவை மூடினாள். உடனே திறந்து, "மன்னிக்க வேண்டும்," என்று சேர்த்துச் சொல்லி, மறுபடி மூடினாள்.

அவர் ஃபின்டனின் வீட்டில் தங்கினார். அங்கே இரண்டு ஆண்களும் நாயை மாறி மாறிக் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். மீதி நேரத்தில், ஜன்னலைத் திறக்கலாமா மூடலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டு, உங்கள் விருப்பம், இல்லை உங்கள் விருப்பம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பாதி திறந்தே கிடந்தது. மாத்திரை அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. மேட்டு வீட்டைக் கடந்து போகிற பால் வண்டி இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சரிவில் உருண்டு போனது. டெக்லனின் சேவலை யாரோ ஒரு கூடைக்குள் கவிழ்த்து வைத்தார்கள். ஆவுடையம்மாள் அன்றும் தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள், இடையில் ஒருமுறை எழுந்து ரொட்டி தின்றுவிட்டு மறுபடி போய்ப் படுத்தாள்.

திரும்ப வேண்டிய நாளன்று குற்றாலிங்கம் மேட்டு வீட்டின் கற்சுவர்மேல், பெட்டிகளோடு, தூறலில் உட்கார்ந்திருந்தார். மேலே ஜன்னல் திரை மூடியிருந்தது. உள்ளேயிருந்து சீரான மெல்லிய குறட்டை வந்துகொண்டிருந்தது. தன் மனைவி குறட்டை விடுவாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடத்தில் அவள் தூங்கி அவர் விழித்திருந்தது இதுவே முதல் தடவை. தொலைபேசி ஒலித்ததும் அவர் அதைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு எடுத்தார்.

"அப்பா, கிளம்பியாச்சா? அம்மா எங்கே?" என்றாள் கல்யாணி.

"அவ தூங்குதா," என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

"மணி பன்னெண்டாகப் போகுது. ராத்திரிக்குள்ள வந்தாத்தானே நாளைக்கு விமானம் பிடிக்க முடியும். எழுப்புங்கப்பா, ஒரு நிமிஷம் பேசிட்டு வச்சிடறேன்."

குற்றாலிங்கம் ஜன்னலைப் பார்த்தார். வழக்கமான விடைகள் எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தன, பார்க்கிறேன் என்று, பிறகு என்று, கேட்டுச் சொல்கிறேன் என்று. ஒவ்வொன்றாக அவற்றை விழுங்கினார்.

"முடியாது," என்றார்.

மறுமுனையில் மகள் குரலை மாற்றிக்கொண்டு, சந்தேகத்தோடும் மரியாதையோடும், "யாருங்க பேசுறது?" என்று கேட்டாள்.